விருதுப் பட்டியலில் நால்வர் பெயரும் வர வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த நால்வர். ஒருவர் மெட்டமைத்து இசை கோக்கிறார், ஒருவர் வரி எழுதுகிறார், ஒருவர் பாடுகிறார், ஒருவர் ராப் பகுதியைத் தாமே எழுதிப் பாடுகிறார். போன வருடம் ஓர் உள்ளூர் இசை விருது விழாவில் எங்கள் பாட்டு வென்றது. ஆனால் வெற்றியாளர் பட்டியலில் பாடகர் பெயர் மட்டும்தான் இருந்தது. அடுத்த பாட்டு தயார். எல்லார் பெயரும் வர என்ன செய்வது? ராப்பும் நாதஸ்வரமும் கலந்த பாட்டு இது. எந்தப் பிரிவில் அனுப்புவது?

பதில்: உங்கள் ஸ்டூடியோவில் யார் என்ன உழைத்தார் என்று விருதுக் குழுவுக்குத் தெரிய வழியில்லை. விண்ணப்பப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதுதான் பட்டியலில் அச்சாகும். அந்தப் பெயர்களும் பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூப் தளங்களுக்கு அனுப்பும் நாளிலேயே பதிவாகிவிடுகின்றன. ஆகவே விருதுக்கான அழைப்பு வந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. வெளியீட்டுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

முதலில், அந்த விருது எதற்குத் தரப்படுகிறது என்று விதிமுறையில் படியுங்கள். பாடல் வேறு, ஒலிப்பதிவு வேறு. மெட்டும் வரியும் சேர்ந்தது பாடல். அதன் சொந்தக்காரர்கள் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும். அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்து, மிக்ஸ் செய்து வந்தது ஒலிப்பதிவு. டிவி3 1986 முதல் நடத்திவரும் மலாய்ப் பாடல் போட்டியான ஜுவாரா லாகுவில் முதல் பரிசு பாட்டை ஆக்கியவர்களுக்குத்தான். பாடகருக்குச் சிறந்த குரல், சிறந்த மேடைப் படைப்பு என்று தனிப் பரிசுகள் உண்டு. கிராமியிலும் ஆண்டின் சிறந்த பாடல் விருது எழுதியவர்களுக்கு மட்டும். ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு விருதோ பாடகர், இசைத் தயாரிப்பாளர், ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் பொறியாளர்கள் ஆகியோருக்குப் போகும். 2024 விழாவில் ஒலிப்பதிவு விருதை மைலி சைரஸ் வாங்கினார், பாடல் விருதை பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் வாங்கினார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2010 கிராமி. திரைப்படத்துக்காக எழுதப்பட்ட சிறந்த பாடலாக ‘ஜெய் ஹோ’ வென்றபோது விருது பெற்றவர்கள் ஏ.ஆர். ரஹ்மான், குல்சார், தன்வி ஷா. பாட்டைத் தூக்கி நிறுத்திய குரல் சுக்விந்தர் சிங்குடையது. ஆனால் விருது பெற்றவர்களில் அவர் இல்லை. தன்வி ஷா அதில் இடம்பெற்றதற்குக் காரணம், இடையில் வரும் ஸ்பானிஷ் வரிகளை எழுதியது. உங்கள் ராப் கலைஞரும் இதே நிலையில்தான் இருக்கிறார். அவர் பெயரை ‘உடன் பாடியவர்’ கட்டத்தில் மட்டும் போட்டால் பாடல் விருதில் அவருக்கு இடமில்லை. பாடலாசிரியர் கட்டத்திலும் அவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளூர் தமிழ் ராப் பாடல்களில் அதிகம் விடுபடும் பெயர் இதுதான்.

இதற்கு ஒரே மருந்து, ஸ்ப்ளிட் ஷீட் என்கிற ஒரு பக்கத் தாள். குரல் பதிவு முடிந்த அன்றே நால்வரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பு முறிவதுதான் மிச்சம். பாட்டின் தலைப்பு, ஒவ்வொருவரின் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள முழுப் பெயர், மேடைப் பெயர், செய்த வேலை, பாடலில் பங்கு, தேதி ஆகியவை இருந்தால் போதும். பங்குக்கு ஒரு தொடக்கம் சொல்கிறோம்: மெட்டுக்கு 50 விழுக்காடு, வரிகளுக்கு 50. வரிகளின் 50-ஐ அளவுக்கேற்பப் பிரித்து, பாடலாசிரியருக்கு 30, ராப் எழுதியவருக்கு 20. கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டக் கூடாது. இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் எம்ஏசிபி-யில் ஒருவர் 60 என்றும் இன்னொருவர் 60 என்றும் பதிவு செய்தால், தகராறு தீரும்வரை இருவருக்குமே பணம் நின்றுபோகும். எதையும் எழுதாத பாடகருக்கு இந்த 100-இல் பங்கில்லை. அவருடைய உரிமை ஒலிப்பதிவில் இருக்கிறது, அதற்குப் பாடகர், வாத்தியக் கலைஞர்களுக்கான அமைப்பான ஆர்பிஎம்-இல் பதிய வேண்டும்.

நாதஸ்வரக் கலைஞரை மறந்துவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த மெட்டை வாசித்திருந்தால் அவர் வாத்தியக் கலைஞர். இடையிசையை அவரே கற்பனை செய்து வாசித்து, அதையே நீங்கள் வைத்துக்கொண்டிருந்தால், மெட்டின் பங்கில் அவருக்கும் ஏதாவது கொடுப்பதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து. நாதஸ்வரத்தைப் பழைய சினிமாப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்திருந்தால் பாடலுக்கு ஓர் அனுமதி, ஒலிப்பதிவுக்கு ஓர் அனுமதி என இரண்டு வேண்டும். இணையத்தில் லீஸுக்கு வாங்கிய பீட் (ஆயத்தப் பின்னணி இசை) என்றால், அதைச் செய்தவரும் இணை இசையமைப்பாளர். அதே பீட் வேறொருவர் பாட்டிலும் இருக்கக்கூடும் என்பதால், சொந்தப் படைப்பு மட்டுமே கேட்கும் விருதுக்கு அந்தப் பாட்டை அனுப்புவது வீண்.

அடுத்த தொல்லை எழுத்துக்கூட்டல். ஐசியில் ஒரு மாதிரி, ஸ்பாட்டிஃபையில் ஒரு மாதிரி, எம்ஏசிபி-யில் ஒரு மாதிரி என்று ரோமன் எழுத்தில் பெயர் இருந்தால் கணினிக்கு அவர் மூன்று ஆள். ழ, த, ச வரும் பெயர்களில் இது தவறாமல் நடக்கிறது. பாட்டின் தலைப்புக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். புரொடியூசர் கட்டத்தில் இசையைக் கட்டமைத்தவர் பெயர்தான் வர வேண்டும். பணம் போட்டவர் பெயரை அங்கே போட்டால் கோப்பை அவர் கைக்குப் போய்விடும். அவருக்கு நன்றி சொல்ல வேறு இடம் இருக்கிறது.

பிரிவைப் பற்றி: விதிமுறை எந்த அளவுகோலைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். 4 நிமிடம் 10 விநாடிப் பாட்டு என்றால் 250 விநாடி. அதில் ராப் 140 விநாடி இருந்தால் 56 விழுக்காடு; ஹிப் ஹாப் பிரிவில் தயங்காமல் அனுப்பலாம். 60, 70 விநாடிதான் என்றால் பாப் அல்லது கலப்பிசைப் பிரிவு. நாதஸ்வரம் இருக்கிறது என்பதற்காகப் பாரம்பரிய இசைப் பிரிவுக்குப் போக வேண்டாம். அங்கே ராகமும் தாளமும் அறிந்த நடுவர்கள் வேறு அளவுகோலோடு கேட்பார்கள். ஒரு கலைஞர் ஒரே வகையில்தான் நிற்க வேண்டும் என்றும் இல்லை. 2025 கிராமியில் பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ சிறந்த கண்ட்ரி ஆல்பமாக வென்றது. அதே ஆல்பத்தின் தனிப் பாடல்கள் பாப், ராப் பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றிருந்தன.

தேதியில் கவனம். விழா நடக்கும் ஆண்டும் பாட்டு வெளியான ஆண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. 2025 பிப்ரவரி 2-ஆம் தேதி நடந்த கிராமிக்கு, 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை வெளியானவை மட்டுமே தகுதி பெற்றன. விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த ‘பிளானட் டிரம்’ ஆல்பம் 1991-இல் வெளியாகி 1992 விழாவில் விருது வாங்கியது. பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தை மாற்றும்போதுதான் பலர் இங்கே இடறுகிறார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் உண்டு; எழுத்தும் இலக்கமும் சேர்ந்து அதில் 12 இடங்கள். பாட்டை மறுபடி ஏற்றும்போது பழைய எண்ணையும் முதல் வெளியீட்டுத் தேதியையும் கொடுக்காவிட்டால், புதுப் பாட்டாகப் பதிவாகி, கேட்டவர் எண்ணிக்கையும் இரண்டாகப் பிரிந்துவிடும். ரீமிக்ஸ் போன்ற புதிய ஒலிப்பதிவுக்குத்தான் புது எண் வேண்டும்.

கோப்பு 24 பிட் வேவ் ஆக இருக்கட்டும். வேவ் கோப்புக்குள் பெயர் விவரங்கள் பெரும்பாலும் ஒட்டாது என்பதால் அவற்றைத் தனித் தாளில் இணையுங்கள். தமிழ் அறியாத நடுவர்கள் இருக்கும் விருதென்றால் வரிகளின் மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பையும் வையுங்கள்.

வென்றுவிட்ட பழைய பாட்டையும் கைவிட வேண்டாம். இப்போதாவது நால்வரும் கையெழுத்திட்ட ஸ்ப்ளிட் ஷீட்டைத் தயாரியுங்கள். விநியோகக் கணக்கில் நுழைந்து பெயர்களைத் திருத்துங்கள். பாட்டை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓ-வில் சத்தியப் பிரமாணத்துடன் பதிப்புரிமை அறிவிப்பும் செய்யலாம். பிறகு அந்தத் தாளின் நகலோடு விருது ஏற்பாட்டாளருக்கு எழுதி, இணையப் பட்டியலில் திருத்தமும் மற்ற மூவருக்கும் சான்றிதழும் கேளுங்கள். கடிதத்தில் பாடகரே முதல் கையெழுத்துப் போட்டால் அவர்களுக்கு மறுக்கக் காரணம் குறையும்.