மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறேன்

கேள்வி: தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம். எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது இப்போதுதான் தெரிந்தது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறேன். மாமியாரிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். குழந்தைக்கு வராமல் இருக்குமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், 'நீ' என்றே எழுதுகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருபது வருடம் ஆலோசகராக உட்கார்ந்தவள் நான்.

மருந்தே எடுக்காவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகலாம். நீ நாள் தவறாமல் மாத்திரை போட்டு, பிறந்த பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். மருந்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சுற்றி இருப்பவர்களின் பாசம்தான் பயமுறுத்துகிறது.

தாய்ப்பால் தாராளமாகக் கொடு. ஆனால் முதல் ஆறு மாதம் அது மட்டும்தான். வேறு பால் கலந்தால் பிஞ்சுக் குடல் புண்பட்டு, கிருமி நுழைய வழியாகிவிடும். சேனை வைக்கிறேன் என்று தேனோடு ஒரு பெரியம்மா வருவார். 'பால் பத்தலை' என்று பாலாடையில் பசும்பால் வரும். எங்கள் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்களவு பால் கறந்து விற்பார்கள். அதற்கும் பாட்டிகள் க்யூவில் நிற்பார்கள்! யாரும் கெடுதல் நினைத்துச் செய்வதில்லை. நீ ஒரே வரியைப் பிடித்துக்கொள்: "டாக்டர் ஆறு மாசத்துக்குத் தண்ணிகூடக் கூடாதுன்னுட்டார்." எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதுதான், பொய்யும் இல்லை.

'சத்து மாத்திரை' என்றதில்தான் ஒரு வில்லங்கம். அசல் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்கினால் ஏ.ஆர்.டி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எதை எப்போது போடுவது என்று நீ மாத்திரை வாங்கும் மையத்தில் கேட்டுக்கொள். பையில் டப்பா கலகலவென்று சத்தம் போடுகிறதே என்று பஞ்சு வைத்து அடைத்து வந்த பெண்ணை எனக்குத் தெரியும். அப்படிக் காலம் தள்ளலாம்தான், ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் நல்லது. என்னைக் கேட்டால், உன் அம்மா. மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் மையத்தில் சொல்லிவிடு. திண்டிவனம் பக்கத்தில் மாத்திரை வாங்க ஏற்பாடு செய்து தருவார்கள். பிரசவம் பார்க்கிற இடத்தில் மறைக்காதே. 2017-ம் வருட எச்.ஐ.வி. சட்டப்படி இதைக் காரணம் காட்டி உன்னைத் திருப்பி அனுப்பக் கூடாது, உன் சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடு, காசில்லை.

குழந்தைக்கு முதல் பரிசோதனை ஆறாவது வாரம். முடிவாகச் சொல்வது 18-ம் மாதம். தீட்டு என்று வாசல் தாண்ட விடமாட்டார்களே என்று யோசிக்காதே. ஆறு வாரம் என்றால் 42 நாள், நாற்பது கழிந்துவிடும்.