மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் ‘ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை’ ஓவியத்தில் வரும் வலியின் குறியீடுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

நத்தை என்றால் இது, பூ என்றால் அது என்று பட்டியல் தேடினால் நிறையக் கிடைக்கும். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன், படம் மனதில் ஒட்டவே இல்லை. பிறகு ஒவ்வொரு பொருளும் அவர் வாழ்க்கைக்குள் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். அங்கிருந்துதான் எனக்கு வழி திறந்தது.

1932இல் கணவர் டியேகோ ரிவேரா அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தில் சுவரோவியம் வரைய, ஃப்ரிடாவும் கூடப் போயிருந்தார். ஜூலை 4 அன்று அவருக்குக் கர்ப்பம் கலைந்தது. 25 வயது நிறைய இன்னும் இரண்டு நாள். சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் பெயரையே படத்துக்கு வைத்தார்.

சுமார் ஒரு அடி உயரமுள்ள உலோகத் தகட்டில் வரைந்த சின்னப் படம். வெட்டவெளியில் ஒரு கட்டில். ரத்தம் படிந்த வெள்ளை விரிப்பில் துணியில்லாமல் கிடக்கிறார். வயிறு இன்னும் வற்றவில்லை. கன்னத்தில் பெரிதாக ஒரு சொட்டுக் கண்ணீர். வயிற்றோடு சேர்த்து வைத்த இடது கையில் ஆறு சிவப்பு நாடாக்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பொருள்: ஆண் சிசு, நத்தை, பெண் உடலின் மருத்துவ மாதிரி, ஒரு இயந்திரம், ஊதா ஆர்க்கிட் பூ, இடுப்பெலும்பு.

ஆர்க்கிட், டியேகோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கொடுத்த பூ. சிசுவை வரைய மருத்துவப் புத்தகம் கேட்டபோது மருத்துவர்கள் தர மறுத்தார்கள், அதையும் டியேகோதான் தேடிக் கொண்டுவந்தார். இடுப்பெலும்பு 1925 செப்டம்பர் 17இல் நடந்த பேருந்து விபத்தில் உடைந்தது. அதாவது இவை கற்பனையில் உதித்த மர்மக் குறிகள் இல்லை. அந்த நாட்களில் அவர் கட்டிலைச் சுற்றியும் உடம்புக்குள்ளும் இருந்தவை. இயந்திரத்துக்கு மட்டும் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றில்லை.

நத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்ப்பம் கலைவது அவ்வளவு மெதுவாக நடந்தது, அதனால்தான் நத்தை என்று ஃப்ரிடாவே விளக்கியிருக்கிறார். எனக்கு நாலாம் மாதத்தில் கலைந்தது. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று மதியம் சொன்னார்கள், எல்லாம் முடிய மறுநாள் விடியற்காலை ஆகிவிட்டது. நடுவில் வெளியே காபி வாங்கப் போனார்கள், வந்தார்கள், பக்கத்துக் கட்டிலுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘போனது போகட்டும், அடுத்தது தங்கும்’ என்றார்கள். அந்த ராத்திரி எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து இந்த நத்தையைப் பார்த்தபோதுதான் அதை இன்னொருத்திக்குத் தெரியும் என்று பட்டது. அன்று நான் அழுதேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெக்சிகோவில் ஆபத்திலிருந்து பிழைத்தவர்கள் புனிதருக்கு நன்றி சொல்லித் தகரத்தில் சின்னப் படம் வரைந்து தேவாலயத்தில் வைப்பார்கள். நம்மூரில் வேளாங்கண்ணியிலும் சமயபுரத்திலும் கை, கால், கண் வடிவில் வெள்ளித் தகடு செலுத்துகிறோமே, அதைப் போன்ற நேர்த்திக்கடன். அந்தப் படங்களில் மேலே வானத்தில் புனிதர் நிற்பார், கீழே நன்றி வாசகம் இருக்கும். ஃப்ரிடா அதே பாணியை எடுத்துக்கொண்டார். ஆனால் புனிதர் நிற்க வேண்டிய வானத்தில் சிசு மிதக்கிறது. நன்றி வாசகம் எங்கும் இல்லை. கட்டில் சட்டத்தில் ‘ஜூலை 1932’ என்ற தேதியும் மருத்துவமனையின் பெயரும் மட்டும். இந்தப் படத்தில் என்னை அதிகம் உலுக்குவது இந்த இடம்தான். நத்தை, பூ பற்றி எழுதுபவர்கள் இதை ஏன் அவசரமாகக் கடந்துபோகிறார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு.

பின்னால் தொடுவானத்தில் ஃபோர்டு தொழிற்சாலை. டியேகோ சுவர் சுவராக வியந்து வரைந்த அதே தொழிற்சாலை உலகம் இங்கே விரலளவுக்குச் சிறுத்து, யாருக்கும் உதவாத தூரத்தில் நிற்கிறது. அந்தச் சுவரோவியத்தின் கிழக்குச் சுவரில் ஒரு தாவரக் கிழங்குக்குள் சுருண்டு கிடக்கும் சிசுவை டியேகோ வரைந்திருக்கிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். டியேகோவின் சிசு மண்ணுக்குள் வேர்களுக்கு நடுவே கதகதப்பாக இருக்கிறது. ஃப்ரிடாவின் சிசுவுக்கு அவர் கையில் பிடித்திருக்கும் அந்த நாடா ஒன்றுதான்.