ஜெர்மனியில் பிடிக்கிற பென்ஷன் பணம் யாருக்குப் போகிறது?

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். 9.3 சதவீதம் பென்ஷனுக்குப் பிடிக்கிறார்களே, நமக்கு வயதாகும்போது திரும்பி வருமா? இவர்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நாம் ஏன் கட்ட வேண்டும்?

முதலில், இதை நம் ஊர் பிஎஃப் மாதிரி நினைக்காதீர்கள். அங்கே பாஸ்புக்கில் உங்கள் பெயரில் பணம் ஏறும். இங்கே நீங்களும் முதலாளியும் பாதிப் பாதியாகக் கட்டும் 18.6 சதவீதம் அடுத்த மாதமே இன்றைய ஓய்வூதியக்காரர்களுக்குப் போய்விடும். 1957இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) அடெனவர் ஆட்சி கொண்டுவந்த முறை இது. இன்று பந்தியில் பரிமாறுகிறவர் அடுத்த பந்தியில் உட்காரலாம் என்கிற ஏற்பாடு, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கில் ஏறுவது புள்ளி. ஓர் ஆண்டு சராசரிச் சம்பளம் வாங்கினால் ஒரு புள்ளி. 2025க்கு அந்தச் சராசரி 50,493 யூரோ. 2025 ஜூலை கணக்கில் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ ஓய்வூதியம். நீங்கள் 75,000 யூரோ வாங்கினால், ஓர் ஆண்டு உழைப்புக்குப் பிற்காலத்தில் மாதம் 60 யூரோ, இன்றைய மதிப்பில். உங்கள் பங்கும் முதலாளி பங்கும் சேர்ந்து அந்த ஆண்டு ஏறத்தாழ 14,000 யூரோ கட்டியிருப்பீர்கள். சம்பளங்கள் ஏறும்போது புள்ளியின் மதிப்பும் ஏறும் என்பதால் மோசமில்லை; அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

பந்தியில் கூட்டம் கூடிவிட்டது என்பதுதான் சிக்கல். 1960களின் தொடக்கத்தில் ஓர் ஓய்வூதியக்காரருக்கு ஆறு பேர் கட்டினார்கள். இன்று இரண்டே பேர். 1964இல் மட்டும், அப்போது கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த இரண்டு ஜெர்மனியிலும் சேர்த்துப் பதின்மூன்றரை லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் ஓய்வு வயதான 67ஐத் தொடுவது 2031இல். 1986இல் நோர்பெர்ட் ப்ளூம் என்ற அமைச்சர் அன்றைய மேற்கு ஜெர்மனித் தலைநகரான போன் (Bonn) நகரில் தன் கையாலேயே "ஒன்று மட்டும் உறுதி: ஓய்வூதியம்" என்று சுவரொட்டி ஒட்டினார். இன்றைக்கும் அதைச் சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள்.

சராசரிச் சம்பளத்தில் 45 ஆண்டு கட்டியவருக்குச் சராசரிச் சம்பளத்தில் 48 சதவீதம் என்ற அளவு 2031 வரை குறையாது என்று 2025 டிசம்பரில் சட்டம் செய்தார்கள். ஆளுங்கட்சியின் இளம் உறுப்பினர்களே முரண்டு பிடித்தார்கள்; பில்லைக் கட்டப்போவது தங்கள் தலைமுறை என்று. இப்போதே ஆண்டுக்கு 100 பில்லியன் யூரோவுக்கு மேல் வரிப்பணம் இதற்குள் போகிறது. இதில் இன்னொரு எரிச்சல்: இங்குள்ள நிரந்தர அரசு அதிகாரிகள் இந்த நிதிக்கு ஒரு காசும் கட்டுவதில்லை, அவர்கள் ஓய்வூதியம் தனியாக வரியிலிருந்து வருகிறது. இளைஞர்களின் கோபம் நியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் நம் கணக்கு இன்னும் விசித்திரம். உங்களை வளர்த்துப் படிக்க வைத்தது உங்கள் அப்பா அம்மாவும், ஊரில் வரி கட்டியவர்களும். ஜெர்மனிக்குச் செலவே இல்லாமல் ஆயத்தமாக ஒரு சந்தாதாரர் கிடைத்துவிட்டார். உங்கள் பெற்றோருக்கு இந்தப் பணத்தில் ஒரு பைசா கிடையாது. அவர்களுக்குத் தனியாக அனுப்பத்தான் போகிறீர்கள். ஆக, இரண்டு நாட்டு முதியவர்களை ஒரே சம்பளத்தில் தாங்குகிறோம். தலைமுறை நியாயம் பற்றி இங்கே தொலைக்காட்சியில் விவாதிக்கிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஐந்து ஆண்டு கட்டினால் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். ஊருக்குத் திரும்பினாலும் அது போகாது. 2017 முதல் நடப்பிலுள்ள இந்திய–ஜெர்மன் ஒப்பந்தத்தில் இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்துப் பார்க்கவும் வழி உண்டு. ஐந்து ஆண்டு ஆகும் முன்பே கிளம்பினால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 24 மாதம் காத்திருக்க வேண்டும், கிடைப்பது உங்கள் பாதி மட்டும்; முதலாளி கட்டியது இங்கேயே நின்றுவிடும், புள்ளிகளும் அழிந்துவிடும். அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

குழந்தை பிறந்தால் பெற்றோரில் ஒருவருக்கு மூன்று ஆண்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம், அரசே கட்டியதாக வைத்துக்கொள்ளும். வேலைக்குப் போகாவிட்டாலும் உண்டு, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. அப்புறம், ஐந்து ஆண்டு கட்டி 27 வயதும் ஆனவர்களுக்கு ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு கடிதம் வரும். அதில் 67 வயதில் கிடைக்கும் என்று போட்டிருக்கும் பெரிய தொகையில் விலைவாசி உயர்வு கழிக்கப்பட்டிருக்காது, வரியும்தான். அதை நம்பி வேறு சேமிப்பை நிறுத்திவிடாதீர்கள்.