அமெரிக்க நகைச்சுவையாளர் கோனன் ஓ'பிரையன் தன் 28 வருட இரவு நேரத் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சி வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார்?

அவருடைய இரண்டு விடைபெறல்களைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

1993-இல் என்பிசி தொலைக்காட்சியில் 'லேட் நைட்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அவரைப் பலருக்கும் தெரியாது. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தவர். விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். ஆனாலும் 2009 வரை தாக்குப்பிடித்தார்.

அப்புறம் கிடைத்தது, அவர் வெகுகாலம் ஆசைப்பட்ட, என்பிசியின் 'தி டுநைட் ஷோ' என்ற இரவு நிகழ்ச்சி. சுமார் ஏழே மாதத்தில் அது கைவிட்டுப் போனது; அதை முன்பு நடத்திவந்த ஜே லெனோவிடமே திரும்பியது. கடைசி நாளான 2010 ஜனவரி 22 அன்று அவர் வசைபாடியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ என்பிசிக்கு நன்றி சொன்னார். எதையும் இளக்காரமாகப் பார்க்கும் மனப்போக்கு வேண்டாம், கடினமாக உழைத்து அன்பாகவும் இருந்தால் நல்லது நடக்கும் என்று இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டார். காயம் ஆறுவதற்குள் ஒருவர் இப்படிப் பேசியது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

2021 ஜூன் 24 அன்று டிபிஎஸ் சேனலில் அவர் நடத்திய 'கோனன்' நிகழ்ச்சி முடிந்தது. புத்திசாலித்தனமும் முட்டாள்தனமும் சந்திக்கும் புள்ளியைத் தேடியே வாழ்நாளைக் கழித்தேன் என்றார் அன்று. கோட்டு சூட்டில் நின்று, இடுப்பில் கயிறு கட்டியிருப்பதுபோல் பாவனை செய்து அதை இழுத்து இழுத்து அவர் ஆடும் ஆட்டத்தைப் பாருங்கள்; அந்தப் புள்ளி அங்கேதான் இருக்கிறது.