டெல்லிக்குப் பக்கத்தில் பழைய டிராக்டர், தீயணைப்பு வண்டி மாதிரி உழைக்கிற வண்டிகளைப் பார்க்க எங்கே போகலாம்?

இரண்டு இடம் சொல்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோள்: ஊரிலிருந்து அப்பாவோ மாமனாரோ வந்திருக்கும்போது போங்கள். எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பிப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அங்கே நிற்கிற வண்டிகள் வேறு மாதிரி தெரியும்.

முதல் இடம், ஹரியானாவில் தாவ்டுவில் இருக்கும் ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம். ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் மானேசர் தாண்டி, பிலாஸ்பூர் சௌக்கில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். தருண் தக்ரால் என்பவர் ஆசை ஆசையாகச் சேர்த்ததை வைத்து 2013ல் திறந்தது. பல்லக்கு, மாட்டுவண்டி, ரயில் பெட்டி, குட்டி விமானம் என்று நான்கு தளங்கள். வருகிறவர்கள் பளபளக்கும் பழைய கார்களோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிராமத்து வண்டிகள் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது ஜுகாட். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் ஏற்றி, பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கையும் கியரையும் பூட்டி, கிராமத்துப் பட்டறையில் செய்த வண்டி. நம்ம சென்னை மீன்பாடி வண்டிக்கு வடக்கத்திப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்த்த என் மாமனார் அதைப் பார்த்ததும், “நம்ம பம்புசெட்டு எஞ்சினு மாப்ளே” என்று அங்கேயே நின்றுவிட்டார். தொடக்கூடாது என்பதால் வெறுங்கையாலேயே செய்து காட்டினார். மேலே இருக்கிற லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்ததும் லிவரை விட்டால் சிலிண்டரில் அழுத்தம் ஏறி டீசல் பற்றிக்கொள்ளும். “கட்டைவிரல மத்த விரலோட சேத்தே வெச்சுக்கணும். சுத்திப் பிடிச்சோம்னா, எஞ்சின் திருப்பி உதைக்கிறப்போ விரல் போயிடும்.” இதை எந்தத் தகவல் பலகையிலும் நான் படித்ததில்லை.

போகிற வழியே பாதி மியூசியம்தான். செங்கல்லும் வைக்கோலும் ஏற்றிய டிரெய்லர்களை டிராக்டர்கள் இழுத்துப் போகும். நம் நாட்டில் தயாரான முதல் டிராக்டர் 1959ல் வெளிவந்ததும் டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத்தில், ஐஷர் தொழிற்சாலையில்தான். அடுத்த வருடமே சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கிவிட்டது. மாமா விவரமானவர், “இங்க உழவு காய்ஞ்ச மண்ணுல, நமக்குச் சேத்துல” என்றார். டெல்டாவில் கேஜ் வீல், அதாவது சேற்றில் புதையாமலிருக்க மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம், இல்லாமல் வயலில் இறங்க முடியுமா?

இரண்டாவது, சாணக்யபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம். ஆர்.கே.புரம், முனிர்க்கா தமிழர்களுக்கு மிகப் பக்கம். மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே போகலாம். ரயில்களுக்கு நடுவே 1914ல் இங்கிலாந்தில் ஜான் மோரிஸ் கம்பெனி செய்த தீயணைப்பு வண்டி ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் அரசுக்காக வாங்கியது. குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். காற்றடைத்த டயர் கிடையாது, கெட்டி ரப்பர். அந்தக் காலத்துச் சாலையில், தீப்பிடித்த இடத்துக்கு இதில் உட்கார்ந்து விரைந்தவர்களின் முதுகு என்ன பாடு பட்டிருக்கும்! அவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே மரியாதை வருகிறது. 1907ல் ஓடத் தொடங்கிய பாட்டியாலா மோனோரயிலும் இங்கேதான் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தாவ்டுவுக்கு மெட்ரோ கிடையாது, காரோ டாக்சியோ வேண்டும். வெயில் காலத்தைத் தவிர்த்து, ஜனவரியில் பனி விலகியபிறகு கிளம்புங்கள். அப்போது சாலையின் இருபுறமும் கடுகு பூத்திருக்கும்.