எதில் முதல், எதில் இல்லை? – வாசகர் கேள்வி பதில்

கே: ஜூலை 30 மருத்துவமனை நாளில் பள்ளியில் பேச, "முத்துலட்சுமி ரெட்டி இந்தியாவின் முதல் பெண் டாக்டர், தேர்தலில் ஜெயித்த முதல் பெண் எம்.எல்.ஏ." என்று மகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரிதானே?
– வாசகி, கோத்தகிரி

ப: இரண்டுமே தவறு. விழாவுக்கு முன் திருத்திவிடுங்கள். அவர் புதுக்கோட்டையில் பிறந்த 1886-லேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். சரி, "சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி" என்று போடலாமா என்றால் அதுவும் கூடாது. மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் அங்கே 1875-ல் சேர்ந்தார்கள். முத்துலட்சுமி சேர்ந்தது 1907, தேறியது 1912.

"முதல்" என்பது நிற்கிற இடம் சட்டசபை. அங்கேயும் ஓட்டு, போட்டி, நியமனம் மூன்றையும் குழப்பிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் அரசின் 1919 இந்திய அரசுச் சட்டம் பெண்களுக்கு ஓட்டுத் தராமல், மாகாண சபைகளே முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டது. சென்னை சபை 1921-ல் தீர்மானம் போட்டு ஓட்டுரிமை தந்தது. பெண்கள் தேர்தலில் நிற்க வழி பிறந்தது 1926-ல்தான். அந்தத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமி நிற்கவே இல்லை, அரசு நியமித்தது. 1927-ல் சபையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஆகவே "பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர்" என்று எழுதுங்கள். "பிரிட்டிஷ்" விட்டுப்போனால், 1922-ல் திருவிதாங்கூர் சமஸ்தான சபைக்கு நியமனமான மேரி புன்னன் லூக்கோஸ் குறுக்கே வருவார். அவரும் டாக்டர்தான்!

கே: 1921-ல் இங்கே தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்களுக்கும் ஓட்டு வந்ததா?
– வாசகர், குன்னூர்

ப: இல்லை. சொத்தும் வரியும் பார்த்துத்தான் ஓட்டு. தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் (லைன் வீடு) குடியிருந்தவரின் புருஷனுக்கே கிடையாது. 1935 இந்திய அரசுச் சட்டம் சொத்துள்ளவர் மனைவி வரை நீட்டியது. மாதர் சங்கங்கள் கேட்டதோ வயது வந்த எல்லோருக்கும். அப்படி நடந்த முதல் பொதுத்தேர்தல் 1951-52.

கே: மருமகள் முழுகாமல் இருக்கிறாள். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள உதவித்தொகைக்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கூடலூர்

ப: 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து எண் வாங்குங்கள். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் பெயரால்தான்: ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். முதலிலேயே ஒன்றாக்கிவிடுங்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போனாலும் அங்குள்ள செவிலியரிடம் அதே எண்ணைக் காட்ட வேண்டும், புதிதாகப் பதியக் கூடாது.