எரிந்த பம்ப்புக்கு வாடகை முற்பணத்தில் கழிக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். வீடு வீதியைவிடப் பள்ளம். அதனால் இரண்டு தளத்துக் கழிவும் முற்றத்துக் குழியில் சேரும், அங்குள்ள அரைக்கும் பம்ப் அதை வீதிக் குழாய்க்குத் தள்ளும். போன மாதம் பம்ப் எரிந்து, கழிவு எங்கள் குளியலறைக்குள் ஏறிவிட்டது. திருத்த வந்த பாஸ் கழற்றிப் பார்த்தபோது பிளேட்டில் வெட் டிஷு சுற்றியிருந்தது. "கைக்குழந்தை இருப்பது உங்கள் வீட்டில்தானே" என்று சொல்லி, வீட்டுக்காரர் 185,000 ரூபாவை முற்பணத்தில் கழிக்கப்போகிறார். ஒப்பந்தத்தில் "சிறு திருத்தங்கள் வாடகைக்காரர் பொறுப்பு" என்று இருக்கிறது.

பதில்: சகோதரி, பச்சைக்குழந்தையோடு அந்த நாற்றத்தில் எப்படி இருந்தீர்களோ! இப்போது இருக்கும் ஆதாரத்தை மட்டும் வைத்து அவர் கழிப்பது சரியில்லை.

எங்கள் நாட்டில் வாடகை விடயத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை. உங்கள் தவறால் பழுதானால் மட்டுமே செலவு உங்கள் தலையில் விழும். முழு மோட்டாரை மாற்றுவதைச் சிறு திருத்தம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தவறு உங்களுடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101 ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இரண்டு குடும்பமும் பாவிக்கும் குழியில் அந்த டிஷு யார் வீட்டிலிருந்து வந்தது? அப்புறம், மோட்டார் எரிந்தது டிஷுவால்தானா? சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போனாலும் எரியும். மிதவை சிக்கி, குழி வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தாலும் எரியும். திரும்பிவரவிடாத வால்வு பழுதானால், தள்ளிய கழிவே திரும்பத் திரும்ப வந்து மோட்டாரைக் களைக்க வைக்கும். ஆகவே பழைய மோட்டாரைப் பழைய இரும்புக்குக் கொடுக்க விடாதீர்கள். எண்ணெய் ஊற்றிய மோட்டார் என்றால், வேறொரு பாஸைக் கொண்டு உங்கள் முன்னால் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. படம் எடுத்து, பாஸிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அதே சமயம், வீட்டில் எல்லோரிடமும் மனம்விட்டுக் கேளுங்கள். உண்மையில் டிஷு போட்டிருந்தால் ஒரு பங்கைக் கொடுப்பதே நியாயம், நான் உங்கள் சட்டத்தரணியாக வந்தாலும் அதைத்தான் சொல்வேன். "ஃப்ளஷ் பண்ணலாம்" என்று பொதியில் போட்டிருந்தாலும் போடக்கூடாது. பம்பர்ஸ், தலைமுடி, சமைத்த எண்ணெய் எதுவும் அந்தக் குழிக்கு ஆகாது.

உங்கள் ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால் எழுதியதா? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு உறுதியாக எழுதாவிட்டால், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அதற்குக் குத்தகையாக வலுவில்லை. வெறும் முத்திரைத் தாளில் கையெழுத்திட்டிருந்தால், மாத வாடகைக்காரராகவே பார்ப்பார்கள். அதையும் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நிலுவை வைத்தால், உங்களை வீட்டைவிட்டு எழுப்ப அவருக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். வழக்குக்கு ஓடவும் வேண்டாம். இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும் (1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம்). அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே தமிழில் பேசலாம்.

மறுபடி கழிவு ஏறினால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். யாரையும் குழிக்குள் இறக்க மட்டும் விடாதீர்கள். உள்ளே தேங்கும் வாயு நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த வாரமே வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: முற்பணத்தில் கழிப்பதற்குச் சம்மதமில்லை, பழைய மோட்டாரை வைத்திருக்க வேண்டும், புதிய பம்ப்பை வருடம் ஒருமுறை சுத்தம் செய்யும் செலவை இரு குடும்பமும் பங்கிடலாம். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள்.